தோற்பொருள்களில் வண்ணம் தீட்டுதல்

காஞ்சிபுரம் என்றவுடன் எவர்க்கும் நினைவிற்கு வருபவை கோயில்களும் பட்டுமே. அந்நகரின் நெசவாளர்களும் சுற்றுவட்டாரத்து விவசாயிகளும் படிக்கும் இவ்வேட்டில் தோலைப் பற்றி ஒரு கட்டுரை எதற்கு என அங்கத்தினர் சிலர் வியக்கக்கூடும். காரணம் வெளிப்படையானது. கச்சாப் பட்டின் விலையும் ஜரிகையின் விலையும் ஏறும்போதெல்லாம் தறிகள் சில நின்றுவிடுகின்றன. தறி நின்றால் நெய்பவர் மட்டுமன்றி, அவர்க்குத் துணையாகத் தார் சுற்றும் பெண்டிரும் வேலையிழக்கின்றனர். இவ்விடைக் காலத்தை நிரப்புவதற்கான உபதொழிலாக, நெசவாளர் குடும்பங்கள் சில அண்மைக் காலத்தில் சிறு தோற்பொருள்கள் செய்வதில் முனைந்துள்ளன. பணப்பை, மூக்குக் கண்ணாடி உறை, கைப்பேசி உறை, புத்தக அடையாளப் பட்டை முதலியன இவற்றுள் அடங்கும். மயில், அன்னம், யாளி, உருத்திராக்கம், கோபுரக் கரை எனச் சேலையில் வழிவழியாக நெய்துவந்த உருவங்களை இப்பொருள்களின்மேல் வண்ணத்தால் தீட்டுகின்றனர். உருவம் வரைவதில் நம்மவர்க்கு எவரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

குறை நேர்வது வண்ணத்தில்தான். தீட்டிய இடம் திட்டுத்திட்டாகத் தெரிகின்றது. தூரிகை சென்ற வழி கோடுகளாக நிற்கின்றது. மஞ்சளின் அடியிலிருந்து தோலின் பழுப்பு எட்டிப் பார்க்கின்றது. இதனை மறைக்கக் கனமாகப் பூசினால் பையை மடிக்கும் இடத்தில் வெடித்து உதிர்கின்றது. கடைக்காரர் சரக்கைத் திருப்பி அனுப்புகிறார். திரும்பி வந்த சரக்கு சங்கத்தின் கையிருப்புப் பதிவேட்டில் ஒரு வரியாகச் சேர்ந்துவிடுகின்றது. அதற்குரிய கூலியோ செய்தவர் கைக்குப் போய்ச் சேர்வதில்லை. கணக்குத் தணிக்கைக்குச் செல்லும் இடங்களில் இவ்வரி மீண்டும் மீண்டும் கண்ணில் படுவதாலேயே இதனை எழுத நேர்ந்தது.

தோலுக்கு நாம் நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. நம் பாலாற்றின் மேற்பகுதியில் இராணிப்பேட்டையும் ஆம்பூரும் வாணியம்பாடியும் உள்ளன. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடும் முறை இவ்வட்டாரங்களில் வளர்ந்து, அத்தோல் 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரால் கடல் கடந்த சந்தைகளிலும் அறியப்பட்டது. நம் புஞ்சைக் காடுகளின் ஓரத்தில் பொன்னிறமாகப் பூத்து நிற்கும் ஆவாரஞ் செடியை வெறும் மருந்துச் செடியாக மட்டும் எண்ணும் விவசாய அங்கத்தினர்கள் இதனை அறிவது நன்று. சென்னை அடையாற்றில் 1948ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் பதனிடுதல் முதல் இறுதி மெருகு வரை தோலின் எல்லா நிலைகளையும் ஆராய்ந்து வருகின்றது. ஆகவே கச்சாப் பொருளும் அறிவும் கைக்கெட்டும் தொலைவிலேயே உள்ளன.

பட்டு நெய்யும் இல்லத்தில் தோலைப் புழங்கலாமா என்று தயங்கும் முதியோரும் உண்டு. அவர்களுடன் வாதிட எனக்கு விருப்பமில்லை. எனினும் உற்சவத்தில் மேளமும் கச்சேரியில் மிருதங்கமும் முழங்கக் கேட்கின்றோமே, அவற்றின் முகம் தோலன்றி வேறென்ன? மிருதங்கத்தைக் குறித்துப் பின்னர் மீண்டும் கூற வேண்டியிருக்கின்றது. தோலின்மேல் பூசும் வித்தையை நம் நாட்டில் முழுமையாக அறிந்தவர் அதனைச் செய்வோரே.

சாயம் வேறு, பூச்சு வேறு

நம்மவர் செய்யும் பிழைகளுக்கு மூலம், பட்டுக்குச் சாயம் ஏற்றிய அனுபவத்தைத் தோலுக்கும் அப்படியே கொண்டுவருவதாகும். சாயத் தொட்டியில் சாயம் நீரில் முற்றும் கரைகின்றது. வெந்நீரில் தோய்ந்த பட்டிழையின் உள்ளே புகுந்து அதனோடு இணைகின்றது. இழையின்மேல் தனியாக ஒரு படலம் உண்டாவதில்லை. ஆதலால் உரிவதற்கும் ஒன்றுமில்லை. நிறம் போதவில்லையெனில் சாயத்தைக் கூட்டினால் போதும்.

பூச்சு வண்ணம் இவ்வாறன்று. அதிலுள்ள நிறப்பொடி நீரில் கரையாத நுண்துகள்களாலானது. அத்துகள்களை ஒரு பசை தாங்கி நிற்கின்றது. நீர் ஆவியானபின் பசை மெல்லிய படலமாகத் தோலின் மேற்பரப்பைப் பற்றிக்கொள்கின்றது. துகள்கள் அப்படலத்தில் பதிந்து கிடக்கின்றன. இப்படலம் அடியிலுள்ள நிறத்தை மறைக்கவேண்டும். தோல் வளையும்போது தானும் வளைய வேண்டும். கை பட்டும் வியர்வை பட்டும் அழியாதிருக்க வேண்டும். இம்மூன்றையும் ஒருங்கே பெறுவதில்தான் தொழிலின் நுட்பம் அடங்கியிருக்கின்றது.

எல்லாத் தோற்கலைக்கும் நிறம் அடியை மறைத்தே தீரவேண்டும் என்பதுமில்லை. தோற்பாவைக் கூத்தில் ஆட்டுத்தோலை மயிர் நீக்கி மெல்லிதாக்கி, விளக்கொளி ஊடுருவும் வண்ணம் சாயம் ஏற்றுகின்றனர். அங்கு நிறம் மறைத்தால் பாவை திரையில் வெறும் கரிய நிழலாகிவிடும். ஆந்திரத்து நிம்மலகுண்டாவில் செய்யப்படும் பாவைகளும் இவ்வகையினவே. அவற்றைப் பார்த்துவிட்டு வந்து, அதே சாயத்தைப் பணப்பைக்கு இட்டு மயில் வரைந்தால் மயில் மங்கித்தான் தெரியும். பழுப்புத் தோலின்மேல் ஒளிவிடும் மயிற்கழுத்து நிறம் வேண்டுமெனில் சாயத்தை விட்டுப் பூச்சுக்கு வரவேண்டும்.

தோலை ஆயத்தம் செய்தல்

கடையில் 'தோல்' என்று விற்பதெல்லாம் பூச்சை ஏற்பதில்லை. வாங்குமுன் ஒரு துளி நீரைத் தோலின்மேல் இட்டுப் பார்க்கவேண்டும். துளி சில நொடிகளில் உறிஞ்சப்பட்டு அவ்விடம் கருமையானால், தோல் வண்ணத்தைப் பற்றும். தாமரையிலைத் தண்ணீர்போல் உருண்டு நின்றால், அதன்மேல் ஆலையில் இட்ட மெருகோ எண்ணெய்ப் பசையோ உள்ளது என்பது பொருள். முடிந்தவரை பட்டையால் பதனிட்டு, இறுதி மெருகு இடாத தோலையே கேட்டு வாங்குவது நலம். காலணி ஆலைகளிலிருந்து மலிவாகக் கிடைக்கும் துண்டுத் தோல்கள் பெரும்பாலும் மெருகிட்டவை. அவற்றைப் பயன்படுத்தலாகாது என்பதில்லை. உழைப்பு ஒரு படி கூடுகின்றது, அவ்வளவே.

மெருகை நீக்க அசிட்டோன் என்னும் திரவத்தை வெள்ளைத் துணியில் சிறிதளவு நனைத்து மெல்லத் துடைக்க வேண்டும். துணியில் நிறம் ஏறுவது நிற்கும்வரை துணியின் இடத்தை மாற்றி மாற்றித் துடைக்கலாம். தோலை ஊறவைத்தல் கூடாது. உள்ளிருக்கும் எண்ணெயும் வெளியேறித் தோல் முரடாகிவிடும். இத்திரவம் நொடியில் தீப்பற்றக்கூடியது. இதன் ஆவி தலைசுற்றலைத் தரும். சமையலறையிலும் சாமி விளக்கு எரியும் அறையிலும் இவ்வேலையைச் செய்யவே கூடாது. திண்ணையிலோ காற்றோட்டமுள்ள கூடத்திலோ, கையுறை அணிந்து, சிறுவரை அகற்றிவிட்டுச் செய்க. இதனைச் சங்க நிர்வாகிகள் வாய்ச்சொல்லாக விடாமல் எழுதி ஒட்டிவைத்தல் வேண்டும்.

பட்டையால் பதனிட்ட தோலுக்கு இரும்பு ஆகாது. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும் என்பதைக் காளத்திக் கலம்காரிக்காரர்கள் தம் கறுப்பு நிறத்திற்கே பயன்படுத்திக்கொள்கின்றனர். நமக்கோ அதுவே கறையாக வந்து சேர்கின்றது. துருப்பிடித்த தகரக் கிண்ணம், இரும்புச் சத்து மிக்க ஆழ்குழாய்க் கிணற்று நீர், துருவேறிய கத்தரிக்கோல் ஆகியவை ஈரத் தோலில் பட்ட இடமெல்லாம் கருநீலப் புள்ளிகள் தோன்றும். பீங்கான் அல்லது கண்ணாடிக் கிண்ணமும் காய்ச்சி வடித்த நீரும் இருந்தால் இத்தொல்லை இல்லை.

மறைக்கும் நிறங்களும் மறைக்காத நிறங்களும்

ஒரே கடையில், ஒரே விலையில் வாங்கிய இரு புட்டிகளில் கறுப்பு ஒரே பூச்சில் மூடிக்கொள்கின்றது. மஞ்சளோ நான்கு பூச்சுக்கும் மூடுவதில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சிலர் கருதுகின்றனர். பழி பெரும்பாலும் அவரைச் சாராது. நிறப்பொடி ஒவ்வொன்றின் இயல்பே அத்தகையது.

சுண்ணக்கட்டியைப் பொடி செய்தால் வெள்ளை வெளேரென்று தோன்றும். அதனையே எண்ணெயிலோ பசையிலோ குழைத்தால் வெண்மை மங்கி ஊடுருவித் தெரியும். ஒளி ஒரு பொருளிலிருந்து மற்றொன்றினுள் செல்லும்போது எவ்வளவு வளைகின்றது என்பதைக் குறிக்கும் எண்ணை ஒளிவிலகல் எண் என்பர். வண்ணப் பசையின் எண் ஏறத்தாழ 1.5. சுண்ணத்தூளின் எண் ஏறத்தாழ 1.6. இரண்டும் அண்மையில் இருப்பதால் ஒளி அதிகம் சிதறாமல் உள்ளே சென்று அடித்தோலைத் தொட்டு மீள்கின்றது. டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் வெள்ளைப் பொடியின் எண் ஏறத்தாழ 2.7. பசைக்கும் அதற்கும் உள்ள இவ்வேறுபாட்டால் ஒளி சிதறி, மெல்லிய படலமே அடியை மறைத்துவிடுகின்றது. உலகெங்கும் இன்று வெள்ளை வண்ணங்களுக்கு இதுவே ஆதாரமாக இருப்பதன் காரணம் இதுதான். மலிவு வெள்ளையில் இதனைக் குறைத்துச் சுண்ணத்தூளைக் கூட்டியிருப்பார்கள். புட்டியின் விலை குறையும். பூச்சின் எண்ணிக்கை ஏறும்.

காவி எனப்படும் இரும்பு ஆக்சைடு நிறங்களும் கரிக்கறுப்பும் நன்கு மறைப்பவை. அரக்கு நிறத்தைக் காவியும் கறுப்பும் கலந்து பெற்றால் இரண்டு மூன்று பூச்சில் முடியும். நம் சேலைகளில் பெருவிருப்பம் பெற்ற மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, இராணி நிறம் ஆகியவற்றின் ஒளிமிக்க நிறப்பொடிகள் பெரும்பாலும் ஊடுருவித் தெரிபவை. எம். எஸ். நீலம் என்று பெயர் பெற்ற நீலமும் நடுத்தரமே. இவற்றோடு வெள்ளையைக் கலந்தால் மறைக்கும் தன்மை கூடும்; ஆனால் நிறம் வெளிறிக் குழந்தைச் சொக்காய் நிறமாகிவிடும். சரியான வழி, முதலில் வெள்ளையை இரண்டு மெல்லிய பூச்சாக இட்டு, அது உலர்ந்தபின் அதன்மேல் மஞ்சளையோ பச்சையையோ இடுவதாகும். வெண்பட்டு சாயத்தில் ஏற்கும் பொலிவை அப்போது தோலிலும் காணலாம்.

பொன்னிறத்திற்கும் இதே விதி. ஜரிகை போன்று தோன்றவேண்டிய கரைக்கு அடியில் காவிமஞ்சளை இட்டுக்கொண்டால் பொன் வண்ணம் இரண்டு பூச்சில் நிரம்பும். பித்தளைத் தூளைக் குழைத்து இடும் பழைய வழக்கம் தோலுக்கு உகந்ததன்று, நாளடைவில் கறுத்துவிடும். அப்பிரகத் தூளை ஆதாரமாகக் கொண்ட பொன் வண்ணங்கள் கறுப்பதில்லை.

எந்தப் புட்டி எவ்வளவு மறைக்கும் என்பதை அறிய விலையுயர்ந்த கருவி வேண்டா. செய்தித்தாள் துண்டொன்றை எடுத்து, கறுப்பு எழுத்தும் வெற்றிடமும் கலந்த பகுதியில் ஒரு பூச்சு இட்டு உலரவிட வேண்டும். எழுத்து தெரிந்தால் மறு பூச்சு. எத்தனையாவது பூச்சில் எழுத்து மறைகின்றதோ அதனைப் புட்டியின்மேல் எழுதி வைத்துக்கொள்க. சங்கம் மொத்தமாக வண்ணம் கொள்முதல் செய்யுமுன் இச்சோதனையைச் செய்துவிட்டால், விலைப்புள்ளிகளில் எது உண்மையில் மலிவு என்பது தானே விளங்கும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. மறைக்கும் ஆற்றல் மிக்க பழைய மஞ்சள் ஒன்றுண்டு. ஈயமும் குரோமியமும் சேர்ந்தது. மலிவாகவும் பளிச்சென்றும் இருக்கும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. வீட்டு உபயோக வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சம் பங்கில் 90 பங்கிற்கு மேற்படலாகாது என்று 2016ஆம் ஆண்டில் மத்திய அரசு வகுத்த விதிகள் 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தன. பெயரும் முகவரியும் இன்றிப் பொட்டலமாக விற்கும் நிறப்பொடியை வாங்கி வீட்டில் குழைப்பது, தொட்டிலும் தறியும் ஒரே கூடத்தில் இருக்கும் நம் இல்லங்களுக்குச் சிறிதும் ஏற்றதன்று.

மெல்லிய பூச்சு

இனி முதன்மையான செய்திக்கு வருவோம். மறைப்பது கனத்தால் நிகழ்வதன்று, அடுக்கால் நிகழ்வது. ஒரு கனத்த பூச்சு மேலே முதலில் உலர்ந்து, உள்ளே ஈரமாக நிற்கும். உள்ளீரம் பின்னர் வெளியேறும்போது மேற்படலம் சுருங்கித் திரையும். தூரிகையின் மயிர்க்கோடுகள் கனத்தினுள் அப்படியே உறைந்துவிடும். அதே அளவு வண்ணத்தை நான்கு பங்காக்கி நான்கு முறை இட்டால், ஒவ்வொன்றும் தானே பரவிச் சமனாகி, அடிவரை உலர்ந்து, அடுத்ததற்கு நல்ல தளமாகின்றது.

மிருதங்கத்தின் வலந்தலையில் கரிய வட்டமாகக் காணும் கரணையை நினைத்துப் பார்க்கவேண்டும். இரும்புச் சத்துள்ள கருங்கல்லின் பொடியைச் சோற்றுடன் பிசைந்து தோலின்மேல் இடுகின்றனர். ஒரே முறையில் அப்பிவிடுவதில்லை. சிறிதளவு தடவி, கல்லால் தேய்த்து உலர்த்தி, மீண்டும் சிறிதளவு தடவி, மீண்டும் தேய்த்து, அடுக்கடுக்காக ஏற்றுகின்றனர். பொறுமையிழந்து கனமாக இட்டால் வாசிக்கும்போது சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிடும் என்பதை அவர்கள் தலைமுறைகளாக அறிவர்.

நமக்கு வேண்டிய பக்குவம் பாற்பதம். புட்டியிலிருந்து வரும் வண்ணம் பெரும்பாலும் தயிர்ப்பதத்தில் இருக்கும். சில துளி நீர் சேர்த்துக் கலக்கி, தூரிகையைத் தூக்கினால் தடையின்றி ஒழுகும் அளவிற்குக் கொண்டுவர வேண்டும். நீர் மிகுந்தால் பசையின் பற்று குறையும். ஆதலால் நீர் கால் பங்கிற்கு மேற்படாமல் பார்த்துக்கொள்வது நல்லது. முதற்பூச்சு மட்டும் சற்று நீர்த்திருக்கலாம். அது தோலின் துளைகளுள் இறங்கி வேரூன்றுவது. அது திட்டுத்திட்டாகத்தான் தோன்றும். அதனைக் கண்டு மனம் பதறி அதன்மேலேயே மீண்டும் மீண்டும் தடவுவதுதான் புதியவர் செய்யும் பெரும்பிழை. பாதி உலர்ந்த படலத்தைத் தூரிகை கிழித்துவிடும். அவ்வடு கடைசிவரை மறையாது. ஒரு முறை தடவிய இடத்தை அப்பூச்சில் மீண்டும் தொடக்கூடாது என்பதை ஒரு விரதமாகவே கொள்ளவேண்டும்.

தூரிகை தட்டையாகவும் மென்மையாகவும் இருத்தல் வேண்டும். தொடங்குமுன் அதனை நீரில் நனைத்துப் பிழிந்துகொண்டால் வண்ணம் அடிமயிரில் உறையாது. முதற்பூச்சை ஒரு திசையிலும் அடுத்ததை அதற்குக் குறுக்காகவும் இடுக. நெசவாளர்க்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஒன்று பாவு, மற்றொன்று ஊடை. பாவு விட்ட இடைவெளியை ஊடை நிரப்புவதுபோல், முதற்பூச்சு விட்ட இடத்தை இரண்டாவது நிரப்புகின்றது. இரு நிறங்கள் சந்திக்கும் ஓரத்தில், கோர்வைச் சேலையில் உடலும் கரையும் சேரும் இடத்தில் காட்டும் கவனம் தேவை. வெளிர்நிறத்தை முதலில் முடித்து, அடர்நிறத்தை ஒரு மயிரிழை அதன்மேல் ஏறுமாறு இட்டால் நடுவில் தோல் தெரியாது.

ஒரு பூச்சு தொட்டால் ஒட்டாத அளவிற்கு உலர நல்ல வெயில் நாளில் 15 முதல் 20 நிமிடம் ஆகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இது இருமடங்கும் ஆகலாம். ஈரக் காற்றில் பாவு ஒட்டிக்கொள்வதை அறிந்த நம்மவர்க்கு இதுவும் புதிதன்று. அக்கினி நட்சத்திர நாள்களிலோ தலைகீழான தொல்லை; தோலைச் சேருமுன்பே வண்ணம் தூரிகையில் உலர்ந்து கோடிழுக்கும். அந்நாள்களில் விடியற்காலையே வேலைக்கு உகந்த நேரம்.

வெடிக்காத பசை

வெடித்து உதிர்வதற்குக் கனம் ஒரு காரணமெனில், பொருந்தாத பசை மற்றொன்று. கோயில் வாகனங்களுக்கு மரத்தின்மேல் சுண்ணமும் பசையும் கலந்த தளம் இட்டு, அதன்மேல் வண்ணம் தீட்டுவதை நாம் காண்கின்றோம். தளம் கல்போல் இறுகும். மரம் மடங்குவதில்லையாதலால் கேடில்லை. இராஜஸ்தானத்துப் பிகானேரில் உஸ்தா கலைஞர்கள் ஒட்டகத் தோலில் குடுவைகள் செய்து, புடைத்த தளமிட்டுப் பொன் வேலைப்பாடு செய்கின்றனர். தோலேயாயினும் மண் அச்சின்மேல் இழுத்து உலர்த்தி விறைப்பாக்கிய தோல் அது. அம்முறைகளை மடங்கும் பணப்பைக்குக் கொண்டுவந்தால் ஒரே நாளில் தளம் நொறுங்கும். கதவு சன்னல்களுக்கு அடிக்கும் எண்ணெய் வண்ணமும் அவ்வாறே. பள்ளிச் சிறுவர் வாங்கும் போஸ்டர் வண்ணம் ஈரக்கை பட்டதும் கரையும். சுவர் வண்ணத்தில் பசை குறைவு, நிரப்புத்தூள் அதிகம்.

தோல் ஆலைகளில் முன்பு பாலிலிருந்து எடுத்த கேசின் என்னும் புரதத்தைப் பசையாகக் கொண்டு நிறம் ஏற்றி, கண்ணாடி உருளையால் தேய்த்து மெருகிட்டனர். அம்மெருகின் அழகு தனி. ஆனால் வீட்டில் இயற்ற இயலாதது. பின்னர் வந்த அக்ரிலிக் பசை நீரில் கலந்து, உலர்ந்தபின் நீரில் கரையாமல், ரப்பரைப்போல் இழுபடுவது. தோலுக்கென்றே செய்த அக்ரிலிக் வண்ணங்களில் இம்மென்மை மிகுதி. துணி ஓவியத்திற்கு விற்கும் அக்ரிலிக் வண்ணமும் பெரும்பாலும் பயன்படும். ஓவியர் திரைச்சீலைக்கு வாங்கும் வகை அதனினும் சற்று விறைப்பானது.

விற்பனையாளர் சொல்லை நம்பவேண்டியதில்லை. பூசி ஒரு நாள் உலர்ந்த தோல் துண்டை ஒரே இடத்தில் இருபது முறை மடித்து விரித்துப் பார்க்க வேண்டும். வெண்கோடு விழுந்தால் அவ்வண்ணம் ஆகாது. ஈர வெள்ளைத் துணியால் இருபது முறை தேய்க்க வேண்டும்; நிறம் ஏறினால் ஆகாது. பூசிய இரு துண்டுகளை முகத்தோடு முகம் வைத்து அதன்மேல் படிக்கல் ஒன்றை ஏற்றி இரவு முழுவதும் விட வேண்டும். காலையில் பிரிக்கும்போது ஒட்டிக்கொண்டு உரிந்தால், கோடையில் மூட்டையாகச் செல்லும் சரக்கு என்ன கதியாகும் என்பது தெரிந்துவிடும். மேற்காப்புப் பூச்சு இட்டும் இம்மூன்றில் தேறாத வண்ணத்தை எவ்வளவு மலிவாயினும் வாங்கலாகாது. மேற்காப்பும் மெல்லியதாகவே, நிறம் முற்றும் உலர்ந்த மறுநாளில் இடப்பட வேண்டும்.

கூலிக் கணக்கு

இத்தனையும் கூறியபின், இவற்றையெல்லாம் நன்கறிந்த கைகளிலிருந்தும் கனத்த பூச்சு ஏன் வருகின்றது என்ற வினா எஞ்சி நிற்கின்றது. விடை வண்ணக் கிண்ணத்தில் இல்லை, கூலிப் பதிவேட்டில் இருக்கின்றது என்பது என் கருத்து.

உறை ஒன்றுக்கு இவ்வளவு என்று சங்கம் ஒரே கூலி வைக்கின்றது. கறுப்பு உறைக்கும் அக்கூலி. மாம்பழ மஞ்சளுக்கும் அக்கூலி. ஓர் உறைக்கு ஒரு பூச்சிட 2 நிமிடம் என்று கொள்வோம். கறுப்பு இரண்டு பூச்சில், அதாவது 4 நிமிடத்தில் முடிகின்றது. மஞ்சளுக்கு அடியில் வெள்ளை இரண்டு, மேலே மஞ்சள் நான்கு, ஆக 6 பூச்சு, 12 நிமிடம். மும்மடங்கு உழைப்புக்கு ஒரே கூலி. இந்நிலையில் மஞ்சள் உறைகளை எடுத்துச் செல்ல ஆளிருப்பதில்லை. எடுத்தவரும் 6 பூச்சின் வண்ணத்தை 2 பூச்சில் அப்பிவிடுகின்றார். அவரைக் குறை கூறுவது முறையாகாது. 4 நிமிடத்திற்குக் கூலி கொடுத்துவிட்டு 12 நிமிடத்து வேலையை எதிர்பார்ப்பவரே குறைக்குரியவர்.

நெசவில் நாம் இப்பிழையைச் செய்வதில்லை. கோர்வைச் சேலைக்கும் ஒரே நிறச் சேலைக்கும் எச்சங்கமும் ஒரே கூலி தருவதில்லை. புட்டாவின் நெருக்கத்திற்கும் கரையின் அகலத்திற்கும் ஏற்பக் கூலி ஏறுகின்றது. நெசவாளர் அதனைக் கேட்டுப் பெறுகின்றார். வீட்டுப் பெண்டிர் ஓய்வு நேரத்தில் செய்யும் வேலை என்ற எண்ணம் மேலோங்கிய இடத்தில் மட்டும் அக்கணக்கு மறந்துபோகின்றது. பூச்சு ஒன்றுக்கு இன்ன கூலி என்று வகுத்து, நிறத்திற்கு ஏற்பப் பூச்சின் எண்ணிக்கையைச் செய்தித்தாள் சோதனையால் முன்கூட்டியே நிர்ணயித்துவிட்டால் அப்புவதற்குத் தேவையே எழாது. விலை உயராதா என்று நிர்வாகிகள் கேட்பர். உயரும். மஞ்சள் உறைக்குக் கறுப்பு உறையை விட விலை வைத்தால் வாங்குவோர் தருவர். கோர்வைச் சேலைக்குத் தருகின்றார்கள் அல்லவா? திரும்பி வரும் சரக்கின் தோல், வண்ணம், அனுப்புக்கூலி மூன்றும் முழு நட்டம் என்பதை எதிர்ப்பக்கத்தில் எழுதிப் பார்த்தால் வேறுபாடு சிறிதே எனத் தெரியவரும்.

உலரும் நேரம் வீணாகின்றதே என்பதும் ஒரு தடை. ஓர் உறையைத் தனியே எடுத்துப் பூசி அதன்முன் அமர்ந்திருந்தால் வீண்தான். 12 உறைகளை வரிசையாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் 2 நிமிடமாகப் பூசிச் சென்றால், பன்னிரண்டாவதை முடிக்கும்போது 24 நிமிடம் ஆகியிருக்கும்; முதலாவது உலர்ந்து அடுத்த பூச்சுக்கு ஆயத்தமாக இருக்கும். ஆறு சுற்றுக்கு 144 நிமிடம். இடையில் ஒரு நிமிடமும் கை சும்மா இருப்பதில்லை. ஆனால் 12 உறைகளை ஒருசேர வைத்துக்கொள்ள அதற்குரிய தோலும் வண்ணமும் முன்பணமாக வேண்டும். அங்கத்தினரிடம் அம்முதல் இருப்பதில்லை. இரண்டிரண்டாக வாங்கிச் சென்று இரண்டிரண்டாகக் கொடுத்துக் கூலி பெறுகின்றனர். அவசரமும் கனத்த பூச்சும் அங்கேயே தொடங்கிவிடுகின்றன.

இந்தியாவிலேயே முதன்முதலாக நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904 அக்டோபரில் பதிவானது இக்காஞ்சிபுரத்தில்தான். சிறு முதலின்றித் தவிப்பவர்க்கு முதல் தருவதற்கென்றே அச்சட்டம் பிறந்தது. பன்னிரண்டு உறைக்குரிய தோலையும் வண்ணத்தையும் கடனாகக் கொடுத்து, கூலியில் தவணையாகப் பிடித்துக்கொள்வது எந்தச் சங்கத்தின் ஆற்றலுக்கும் மீறியதன்று. இதற்கான தீர்மானத்தை அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் கொண்டுவர அங்கத்தினர் எவரும் எழுத்து மூலம் கோரலாம்.

தீர்மானத்துடன் ஓர் ஏடும் வேண்டும். ஒவ்வொரு தொகுதியிலும் மிஞ்சிய தோலில் விரலளவு துண்டொன்றை அதே வண்ணத்தால், அதே எண்ணிக்கையில் பூசி, நாளும் நிறமும் புட்டியின் தொகுதி எண்ணும் பூச்சின் எண்ணிக்கையும் குறித்து ஒட்டிவைக்க வேண்டும். கடையிலிருந்து சரக்கு திரும்பும் நாளில் அத்துண்டையே இருபது முறை மடித்துப் பார்க்கலாம். துண்டு வெடித்தால் பிழை வண்ணத்தினது. கொள்முதல் செய்தவர் பதில் கூறவேண்டும். துண்டு வெடிக்காமல் உறை மட்டும் வெடித்திருந்தால் பூசியவரை அழைத்து விசாரிக்கலாம். அதுவரை எவர் கூலியையும் நிறுத்திவைத்தல் கூடாது.